கங்காரு நாட்டில் ஒரு விடுமுறை

கண், காது, மூக்கு மூன்றையும் இறுக மூடிக்கொண்டு, கலங்கிய ஏரியின் அடியில் இறால் பிடிக்க முடியுமா? நம்மால் முடியாது. ஆனால் நாள்தோறும் அதையே செய்து வயிறு வளர்க்கும் விலங்கு ஒன்று உண்டு. வாத்துக்கு இருப்பது போன்ற அலகு. ஆனால் பறவை அன்று. முட்டையிடும், ஆனால் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். ஆணின் பின்னங்கால்களில் நஞ்சுள்ள முள்ளும் உண்டு. இதன் தோல் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1799-இல் அதை ஆராய்ந்து எழுதிய ஜார்ஜ் ஷா என்ற அறிஞருக்கே ஐயம் வந்துவிட்டது. யாரோ ஒரு விலங்கின் உடலில் வாத்தின் அலகை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று எண்ணினார். பிளாட்டிப்பஸ் என்பது அதன் பெயர். சென்ற மே விடுமுறையில் அதை நேரில் பார்த்தேன்.

பயணத்தின் முதற்காரணம் பிளாட்டிப்பஸ் அன்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறாள். என்னோடு எம்.எஸ்ஸி. படித்த நண்பன் ஒருவன் அங்கிருந்து 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜீலாங் நகரில் இருக்கிறான். இருவரும் பல ஆண்டுகளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நாம் வெயிலில் வாடும் மே மாதம், அங்கே குளிர்காலத்தின் வாசற்படி. புவியின் அச்சு சாய்ந்திருப்பதால் வரும் விளைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தங்கை வீட்டில் துணி காயப் போடுவது வடக்குப் பக்கத்தில். ஏனென்றால் அங்கே நண்பகல் சூரியன் வடக்கு வானில்தான் இருக்கிறது. வடக்கு பார்த்த வீட்டுக்கு விலையும் அதிகமாம். "நம்ம ஊர் வாஸ்துக்காரர் இங்க வந்தா என்ன செய்வார் மச்சான்?" என்று என் தங்கை கணவர் கேட்டார். அவர் பாடு!

மின்சாரம் அறியும் அலகு

ஜீலாங்கிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம் போனால், ஆட்வே மலைக்காட்டில் எலிசபெத் ஏரி இருக்கிறது. மனிதர் வெட்டிய ஏரி அன்று. 1952-இல் மலைச்சரிவு ஒன்று சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. நீர் தேங்கி ஏரியாயிற்று. அன்று மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் நீருக்கு மேல் கம்பங்களாக இன்னும் நிற்கின்றன.

விடியுமுன்பே போய்ச் சேர்ந்தோம். நண்பன், நான், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள் ஆகிய மூவர். ஏரிக்கரையில் பேசக் கூடாது, காலைத் தரையில் தட்டக் கூடாது என்பது நண்பனின் கட்டளை. முக்கால் மணி நேரம் குளிரில் விறைத்து நின்றோம். பிறகு நீர்ப்பரப்பில் சின்னஞ்சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. அடுத்த நொடி பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்தது. பூனையைவிடச் சிறிய உடல். பிடித்ததைக் கன்னப் பைகளில் வைத்திருந்து, மேலே மிதந்தபடி மென்றது. அரை நிமிடம்கூட இராது, மறுபடி முழுகிவிட்டது. இப்படி ஏழெட்டு முறை பார்த்தோம்.

முழுகும்போது அதன் கண்ணும் காதும் மூக்குத் துளைகளும் மூடிக்கொள்கின்றன. பின் இரை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இரையின் தசை அசைவதற்கு நரம்பிலிருந்து மின்துடிப்பு வர வேண்டும் அல்லவா? இறால் வாலைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள நீரில் மிக நலிந்த மின்புலம் ஒன்று தோன்றி மறைகிறது. பிளாட்டிப்பஸின் அலகுத் தோலில் ஏறத்தாழ 40,000 மின்னுணர் உறுப்புகள் வரிவரியாக அமைந்திருக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்புலத்தையும் அவை உணர்ந்துவிடும்.

1986-இல் ஜெர்மானிய, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சிலர் இதை மெய்ப்பித்து வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட கருவிகளில் ஒன்று என்ன தெரியுமா? சாதாரண மின்கலம்! நீரில் மூழ்கவைத்த மின்கலத்தைப் பிளாட்டிப்பஸ் இரை என்று நினைத்துத் தேடிப் போனது. காற்றில் இந்த வித்தை பலிக்காது. ஆற்றுநீரில் கரைந்துள்ள உப்புகளால்தான் அது மின்சாரத்தைக் கொஞ்சமாவது கடத்துகிறது.

திசை தெரிந்தால் போதுமா, தொலைவும் தெரிய வேண்டாமா? அலகில் மின்னுணர் உறுப்புகளோடு, தொடுகையையும் நீரதிர்வையும் உணரும் உறுப்புகள் சுமார் 60,000 கலந்திருக்கின்றன. இடி மின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் முதலில் தெரிகிறது. இடி பின்னால் கேட்கிறது. இடைப்பட்ட விநாடிகளை எண்ணினால் மின்னல் எவ்வளவு தொலைவில் என்று கணக்கிட்டுவிடலாம். அதே போல மின்துடிப்பு உடனே வந்துவிடுகிறது. இறால் வாலசைத்த நீரதிர்வு சற்றுப் பிந்தி வருகிறது. இந்த இடைவெளியைக் கொண்டு பிளாட்டிப்பஸ் தொலைவை அறிகிறது என்று சிலர் கருதுகிறார்கள். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் எவ்வளவு அழகான கருதுகோள்!

இது முட்டையிடுகிறதா இல்லையா என்று ஐரோப்பிய அறிஞர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்டார்கள். 1884-இல் வில்லியம் கால்டுவெல் என்பவர் முட்டையை நேரில் கண்டு, நான்கே சொற்களில் தந்தி அடித்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் முட்டையைப் பற்றி முன்பே சொல்லித்தான் இருந்தார்கள். கேட்க ஆளில்லை.

இருபது முப்பது முயல்கள்

அந்த ஏரிக்குப் போகும் வழியில் விஞ்செல்சி என்ற சிற்றூர் வருகிறது. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை வரவழைத்தது இங்கேதான். சில பத்தாண்டுகளில் அவை கோடிக்கணக்கில் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்து தீர்த்தன. நரிகளும் அப்படியே வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவரப்பட்டவை. பூனைகள் குடியேறியவர்களின் கப்பல்களில் வந்தன.

மற்றக் கண்டங்களில் இவ்வளவு கேடு விளையாதபோது இங்கு மட்டும் ஏன்? ஒரு காலத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒரே பெருங்கண்டமாக ஒட்டியிருந்தன. அதற்குக் கோண்ட்வானா என்று பெயர். நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலப்பகுதியை வைத்து இட்ட பெயர்தான். அதிலிருந்து பிரிந்த ஆஸ்திரேலியா கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித்தீவாகவே மிதந்தது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறது. உங்களுக்குப் பதினைந்து வயது என்றால், நீங்கள் பிறந்த பிறகு ஒரு மீட்டர் நகர்ந்துவிட்டது! இந்தத் தனிமையில்தான் பையில் குட்டி சுமக்கும் விலங்குகள் அங்கே இத்தனை வகையாகப் பெருகின. நரியையும் பூனையையும் அவை கண்டதே இல்லை; ஓடத் தெரியாமல் அழிந்தன.

விமான நிலையத்தில் என் அம்மா தங்கைக்குக் கொடுத்தனுப்பிய அவரை விதை, முளைக்கீரை விதைப் பொட்டலங்களை நான் படிவத்தில் எழுதிக் காட்டியதும், அதிகாரி பணிவாகச் சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கோபம். விஞ்செல்சியைக் கடந்தபோது அந்த அதிகாரியின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஐந்தாவது கால்

ஏரியிலிருந்து மலையிறங்கிக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். கென்னட் ஆற்றின் பக்கம் யூகலிப்டஸ் மரக்கிளைகளில் கோவாலாக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. நாளில் இருபது மணி நேரம் வரை அவற்றுக்கு ஓய்வுதான். சத்துக் குறைந்த, நஞ்சு கலந்த இலையைத் தின்று வாழும் விலங்கு வேறென்ன செய்யும்? கோடையில் அவை மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடப்பது வெப்பத்தைத் தணிக்கத்தான் என்று 2014-இல் வெப்பப் படக் கருவி கொண்டு கண்டுபிடித்தார்கள். அடிமரம் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. அந்தக் காட்டில் வீசிய மணத்தை நான் ஊட்டி மணம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். நீலகிரியின் தைலமரங்கள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து போனவை அல்லவா!

மாலையில் ஆங்கில்சீ என்ற ஊரின் கோல்ஃப் மைதானத்தில் கங்காருக்களைப் பார்த்தோம். ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், மேய்ச்சல் ஒரு பக்கம். கங்காரு மெதுவாக மேயும்போது கவனியுங்கள்: முன்னங்கால் இரண்டையும் வாலையும் தரையில் ஊன்றி, பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக முன்னே வீசுகிறது. வால் வெறும் ஊன்றுகோல் என்றுதான் நினைப்போம். 2014-இல் விசையை அளந்து பார்த்தார்கள். உடலை முன்னே தள்ளும் வேலையில் மற்ற நான்கு கால்களும் சேர்ந்து தரும் விசையளவு வால் ஒன்றே தருகிறதாம். ஐந்தாவது கால் என்றே சொல்லலாம்.

பாய்ந்து ஓடும்போது கதை வேறு. நாம் ஓடினாலும் நாய் ஓடினாலும் வேகம் கூடக்கூட உயிர்வளி கூடுதலாகச் செலவாகும். 1973-இல் டாசன், டெய்லர் என்ற இருவர் செங்கங்காருக்களை நகரும் பட்டையின் மேல் ஓடவிட்டு அளந்தார்கள். தத்தத் தொடங்கிய பின், மணிக்கு 22 கிலோமீட்டர் வரை வேகத்தைக் கூட்டியும் உயிர்வளிச் செலவு ஏறவே இல்லை!

காரணம் ஹூக் விதி. கங்காருவின் பின்னங்காலில் நீண்டு தடித்த தசைநாண் உண்டு. கால் தரையில் இறங்கும்போது அது சுருள்வில்லைப் போல நீள்கிறது. விழும் உடலின் ஆற்றல் அதில் மீட்சி ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. அடுத்த தாவலில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. நாம் வங்கியில் போட்டு எடுப்பது போல. ஆகவே வேகத்தைக் கூட்ட அது அடிக்கடி தத்துவதில்லை. ஒவ்வொரு தாவலையும் நீளமாக்கிக்கொள்கிறது.

சாலையில்

ஆங்கில்சீயிலிருந்து ஜீலாங்குக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை, இருட்டிவிட்டது. சாலையோரத்தில் ஒரு கங்காரு கிடந்தது. எங்களுக்கு முன் போன ஏதோ வண்டி மோதியிருக்கிறது. நண்பன் எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டுக் காரை ஓரங்கட்டினான். கையுறை, டார்ச் விளக்கு, தலையணை உறை எல்லாம் பின்பெட்டியில் தயாராக வைத்திருந்தான். அந்த நாட்டில் பலர் அப்படி வைத்திருக்கிறார்கள். பெண் விலங்கு என்றால் தாய் இறந்த பின்னும் பைக்குள் குட்டி பல மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும்.

இருந்தது. மெல்லிய முடி முளைக்கத் தொடங்கிய குட்டி. நீண்ட காலும் பெரிய காதுமாக என் கைப்பிடியளவு. வாயில் காம்பைப் பற்றியிருக்கவில்லை. பற்றியிருந்தால் இழுக்கக் கூடாது, வாய் கிழிந்துவிடும் என்றான் நண்பன். தலையணை உறைக்குள் வைத்து, என் தங்கை மகளின் கம்பளிச் சட்டைக்குள் சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொன்னான். பிறகு மீட்புத் தொண்டர்களைத் தொலைபேசியில் அழைத்தான். கடைசியாக, வண்ணம் தெளிக்கும் டப்பாவை எடுத்து இறந்த உடலின் மேல் ஒரு சிலுவைக் குறி போட்டான். இனி வருபவர்கள் பையைப் பார்த்தாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள்.

வெளியே குளிர் பத்து டிகிரிக்கும் குறைவு. சிறிய உடலுக்குக் கன அளவைப் பார்க்கையில் மேற்பரப்பு மிக அதிகம். அதனால் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். உடலை மூடுமளவு முடி இல்லாத குட்டிக்கு 32 டிகிரி வேண்டும். அந்த அரை மணி நேரம் அவள் உடல்சூடுதான் அதற்குத் தாயின் பை.

இருட்டில் அவள் கேட்டாள்: "மாமா, அந்தக் கார் நின்னிருக்க முடியாதா?"

கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு விநாடி. அதற்குள் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. நல்ல தடை விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று கொள்வோம். வேகத்தின் இருமடியை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் இன்னும் 55 மீட்டர். மொத்தம் 83 மீட்டர். எதிரே வண்டி வரும்போது தாழ்த்திய விளக்கில் தெரிவதோ ஐம்பது அறுபது மீட்டர்தான். 80 கிலோமீட்டரில் வந்தால் 57 மீட்டரில் நிற்கலாம். 60-இல் வந்தால் 37 மீட்டர் போதும்.

"அப்போ எண்பதுல வந்திருந்தா…" என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் வந்து குட்டியை வாங்கிக்கொண்டார். அவர் கேட்ட முதற்கேள்வி, பசும்பால் ஏதும் கொடுத்தீர்களா என்பதுதான். அதிலுள்ள பால்சர்க்கரை கங்காருக் குட்டிக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இறந்துவிடும். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. எடை போட்டார்: 640 கிராம். ஆகஸ்டில் என் தங்கை மகள் எழுதியிருந்தாள்: குட்டி 2 கிலோவைத் தாண்டிவிட்டதாம். வாரா வாரம் எடையை வாங்கி வரைபடத் தாளில் குறித்து வருகிறாளாம்.

கரையேறும் பறவைகள்

அடுத்த வாரம் தங்கை குடும்பத்தோடு ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்குப் போனோம். 1943-இல் டேவிட் ஃப்ளே என்பவர் உலகிலேயே முதன்முறையாகக் காப்பிடத்தில் பிளாட்டிப்பஸ் குஞ்சு பொரிக்கவைத்த இடம் அது. அங்கே வோம்பாட் என்ற குட்டைக்கால் விலங்கைப் பார்த்தோம். அதன் சாணம் கனசதுரம்! சிரிக்காதீர்கள். குடல் சுவரின் விறைப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததால் உள்ளே காயும் சாணத்துக்கு மூலைகள் உருவாகின்றன என்று கண்டவர்களுக்கு, 2019-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பின்பு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஃபிலிப் தீவுக்குச் சென்றோம். மெல்பர்னிலிருந்து 140 கிலோமீட்டர். உலகிலேயே மிகச் சிறிய பென்குயின் அங்கே வாழ்கிறது. உயரம் ஓர் அடியைச் சற்றே தாண்டும். எடை ஒரு கிலோ சொச்சம். பகலெல்லாம் கடலில் மீன்பிடித்துவிட்டு, இருட்டியதும் கூட்டம் கூட்டமாகக் கரையேறித் தத்தம் வளைகளுக்கு நடந்து போகும். முதுகு நீலநிறம். ஆனால் அந்த இறகில் நீலச்சாயம் இல்லை! கெரட்டின் நுண்ணிழைகள் அடுக்கப்பட்ட முறையால் நீல ஒளி மட்டும் சிதறித் திரும்புகிறது என்று 2011-இல் வெளிப்பட்டது. சோப்புக் குமிழி வண்ணம் காட்டுவதும் இப்படிச் சாயமில்லாமல்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த கடற்கரைக்குப் பின்னே ஒரு காலத்தில் ஊர் இருந்தது. வீடுகள், தெருக்கள், விடுதி, கடை எல்லாம் இருந்தன. தெருவில் கார்கள் மோதியும், நாயும் நரியும் கடித்தும் பென்குயின்கள் குறைந்துகொண்டே வந்தன. இப்படியே விட்டால் சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். விக்டோரியா மாநில அரசு 1985-இல் ஒரு முடிவெடுத்தது. அங்கிருந்த எல்லா மனைகளையும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி, வீடுகளை அப்புறப்படுத்தி, நிலத்தைப் பறவைகளுக்கே விட்டுவிடுவது! வேலை முடிய 2010 ஆயிற்று, இருபத்தைந்து ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக விடுமுறைக்கு வந்து தங்கிய வீட்டை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. தீவின் நரிகளும் ஒழிக்கப்பட்டன. இப்போது அங்கே சுமார் 40,000 பென்குயின்கள் இருக்கின்றன.

படம் எடுக்க அனுமதி இல்லை; மின்வெட்டொளி பறவைகளின் கண்ணைக் கூசவைக்கும். ஆகவே எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தோம். இன்றைக்கு இதுவே அதிசயம். முதற்கூட்டம் அலையிலிருந்து வெளிப்பட்டு, நீரோரத்தில் தயங்கி நின்று, ஒன்று பயந்து திரும்ப எல்லாம் மறுபடி கடலுக்குள் ஓடின. மூன்றாம் முறைதான் துணிந்து மணலைக் கடந்தன.

வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: காரை எடுக்குமுன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கை கணவர் சாவியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் மகள் ஈரத்தரையில் குப்புறப் படுத்து, டார்ச் விளக்கை நான்கு சக்கரங்களுக்குப் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு, "இல்லப்பா, எடுக்கலாம்" என்றாள். மெல்பர்ன் வரை அவர் எண்பதைத் தாண்டவில்லை.